துணைக்கும் கொடுத்தோம்

போன மாதம் ஒரு பெண் மருத்துவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கம்பம் பள்ளத்தாக்கில் நான் கடைசியாக வேலை பார்த்த அரசு மருத்துவமனையில், நான் உட்கார்ந்திருந்த அதே அறையில், இப்போது அவர் உட்கார்ந்திருக்கிறார். பால்வினை நோய்ப் பிரிவு. கிளமிடியா என்ற தொற்றுக்கு இத்தனை வருடங்களாக ஒரே வேளையில் விழுங்கும் அசித்ரோமைசினைக் கொடுத்து வந்தோம். இப்போது ஏழு நாள் சாப்பிடும் டாக்சிசைக்ளினை முதலில் கொடுக்கச் சொல்லிப் புதிய வழிகாட்டுதல்கள் வந்திருக்கின்றன. அதைப் பற்றி இளம் மருத்துவர்களுக்குத் தேனியில் ஒரு பயிற்சிக் கூட்டம்.

"சார், நீங்க அப்பவே இதைச் சொன்னீங்களாமே. எல்லாரும் ஒரு வேளை மருந்தைப் புகழ்ந்தப்ப நீங்க ஒருத்தர்தான் ஏழு நாள்னு நின்னீங்களாம். வந்து பேசணும் சார். பொன்னாடை போடப் போறோம்" என்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் பொன்னாடை உறுத்தியது. அன்று நான் சொன்னது சரி. சொன்னதற்கு நான் காட்டிய ஆதாரம் சரியில்லை. அது சரியில்லை என்று தெரிந்துதான் காட்டினேன். இதற்கு நடுவில் ஒரு பெண் இருக்கிறாள். மேடையில் நா குழறும் என்பதால் எழுதி வைக்கிறேன். அங்கே இதைத்தான் வாசிக்கப் போகிறேன்.

என் ஊர் வடுகபட்டி. பூண்டு வியாபாரக் குடும்பம். மதுரையில் படித்தேன். மேற்படிப்புக்கு அறுவை சிகிச்சை கேட்டேன், பால்வினை நோய் கிடைத்தது. ஊரில் யாராவது என்ன டாக்டர் என்று கேட்டால் அப்பா, தோல் டாக்டர் என்று மட்டும் சொல்வார். அந்தப் பிரிவின் மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்ததென்றால் அது எங்கள் துறைத் தலைவரால்தான்.

அவரைச் சீஃப் என்போம். ஒல்லியான மனிதர், மெல்லிய குரல். அந்தக் காலத்தில் இந்த நோயோடு வருகிறவர்களை வராந்தாவில் நிற்க வைத்து, நாலு பேர் காதில் விழும்படி, எங்கே போய் வாங்கி வந்தாய் என்று கேட்பது பல இடங்களில் வழக்கம். சீஃப் அறைக்குள் நோயாளி நுழைந்தால் எழுந்து நிற்பார். நோயாளி உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்காருவார். மூட்டை தூக்குகிறவராக இருந்தாலும் 'நீங்க' என்றுதான் பேசுவார். பெண்களைச் சோதிக்கும் கருவியை வெந்நீரில் வைத்து, தன் மணிக்கட்டில் தொட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் எங்கள் கையில் கொடுப்பார்.

புருஷன், பெண்டாட்டி என்ற சொற்களை அவர் அறையில் யாரும் சொல்லக் கூடாது. "நோய் எங்கருந்து வந்துச்சுன்னு நமக்குத் தெரியாதுய்யா. புருஷனைக் கூட்டிட்டு வான்னு நாம சொன்னா, புருஷன் இல்லாத வேற ஆள்கிட்ட வாங்கினவ வாயை மூடிக்குவா. துணைன்னு சொல்லுங்க. துணைக்கும் மருந்து வேணும்னு சொல்லுங்க. அது யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்பார்.

எல்லாம் முடிந்து நோயாளி எழும்போது, அவர் கடைசியாக ஒன்று கேட்பார். "இப்ப வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போறீங்க? எனக்குச் சொல்லுங்க." அவர்கள் தங்கள் பேச்சில் தட்டுத் தடுமாறிச் சொல்வார்கள். எந்த மாத்திரை, எப்போது, யார் யார் சாப்பிட வேண்டும் என்று. தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பின்னால் நிற்கும் எங்களுக்குக் கால் கடுக்கும். சீஃப் ஒப்புவிக்கச் சொல்கிற நேரத்தில் நாங்கள் டீ குடிக்கப் போய்விடுவோம்.

அவரிடமிருந்து துணை என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

பள்ளத்தாக்கில் எனக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்கள். விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கியடித்து மலை ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்துவிட்டு, பொழுது சாய இறங்குவார்கள். கூலி போய்விடும் என்பதால் சாதாரண நாளில் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். மலையில் பெருமழை, ஜீப் ஓடவில்லை என்றால் எங்கள் வராந்தா நிறைந்துவிடும். யாரும் தனியாக வந்ததில்லை. ஒருத்திக்குச் சீட்டு, இன்னொருத்தி கூட வந்தவள்.

கிளமிடியாவைக் கண்டுபிடிக்கும் சோதனை எங்களிடம் இல்லை. இந்தக் கிருமி பல பெண்களிடம் வலியோ காய்ச்சலோ இல்லாமல் கருப்பை வாயில் தங்கியிருக்கும். கவனிக்காமல் விட்டால் மேலே ஏறிக் கருக்குழாயைப் புண்ணாக்கித் தழும்பாக்கிவிடும். கருப்பை வாயில் சீழ் கண்டால் இதுவாகவும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு மருந்து கொடுப்போம். ஒவ்வொரு நோய்க்குறிக்கும் ஒரு நிறத்தில் டப்பா வரும். இதற்குச் சாம்பல் டப்பா. அதில் அசித்ரோமைசின் ஒன்று, இன்னொரு கிருமிக்காக வேறு மாத்திரை ஒன்று. டம்ளரில் தண்ணீர் கொடுத்து எங்கள் முன்னாலேயே விழுங்க வைப்போம். துணைக்கு இன்னொரு சாம்பல் டப்பா கையில் கொடுத்து அனுப்புவோம்.

ஒரு வேளை மருந்தில் இருக்கும் பெரிய சௌகரியம் அதுதான். கண் முன்னால் வயிற்றுக்குள் போய்விடுகிறது. டாக்சிசைக்ளினைக் காலையும் மாலையும் ஏழு நாள் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. வெயிலில் வேலை செய்தால் தோல் கருகும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, கொஞ்ச நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். இவ்வளவு தொல்லை இருந்தாலும் கிருமியை ஒழிப்பதில் அதுவே மேல் என்று நான் படித்த கட்டுரைகள் சில சொல்லின. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் மருத்துவமனையிலேயே அதை நிரூபித்துக் காட்ட ஆசைப்பட்டேன்.

ஒரு மாதம் சாம்பல் டப்பாவை அப்படியே கொடுப்பேன். மறு மாதம் அதிலிருந்து அசித்ரோமைசினை எடுத்துவிட்டு, பொது மருந்தகத்திலிருந்து டாக்சிசைக்ளினை வாங்கி வைத்துக் கொடுப்பேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதுவும் தவறுதான், ஆனால் நான் சொல்ல வந்த தவறு அதுவல்ல.

ஒரு வேளை மருந்து வாங்கிய பெண் சீழோடு திரும்பி வந்தால், மருந்து தோற்றது என்று குறித்துக்கொள்வேன். என் கண் முன்னால் விழுங்கினாளே, வேறு என்ன காரணம் இருக்க முடியும்? ஏழு நாள் மருந்து வாங்கியவள் சீழோடு திரும்பி வந்தால், ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று சொல்லிக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவேன். ஆகவே என் மேசையில் ஏழு நாள் மருந்து தோற்கவே இல்லை. தோற்றவர்கள் எல்லாம் பெண்கள்.

அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருத்தியைப் பேச்சியம்மாள் என்று இங்கே சொல்கிறேன். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. புருஷன் மலைமேல் ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோரில் தங்கி வேலை செய்தான், சனிக்கிழமை சாயங்காலம் இறங்குவான். மாமியார் வேறு பெண் பார்க்கப் போவதாகப் பேச ஆரம்பித்திருந்தாள். வெள்ளைபடுதல் நின்றால் பிள்ளை நிற்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்திருந்தாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான். இது சரியானா எனக்குப் பிள்ளை நிக்குமா சார்? நிற்கும் என்றேன்.

அவளுக்குத் துணையாக வந்தவளைத் தங்கத்தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே தெரு, அதே ஜீப். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். புருஷனை இழந்தவள், வாய்த்துடுக்குக்காரி. பேச்சியம்மாளை உள்ளே சோதிக்கும்போது அவள் வராந்தாவில் இருந்தபடி, சீக்கிரம் விடுங்க சார், நாங்க ரெண்டு பேரும் இன்னும் சோறாக்கல என்று சத்தம் கொடுப்பாள்.

முதல் முறை பேச்சியம்மாள் என் முன்னால் மாத்திரையை விழுங்கினாள். துணைக்கும் இதைக் கொடு, துணை சாப்பிடாவிட்டால் உனக்குத் திரும்ப வந்துவிடும் என்று சொல்லி இன்னொரு டப்பாவைக் கொடுத்தேன். தலையை ஆட்டினாள்.

அடுத்த மழைக்குத் திரும்பி வந்தாள். அதே சீழ். என் வாழ்க்கையில் நான் வெளியே சொல்லாமல் வைத்திருந்தது இப்போது வருவதுதான். அந்தச் சீழைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வேளை மருந்துக்கு எதிராக இன்னும் ஒன்று சேர்ந்ததே என்று. அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. நான் பார்க்கவில்லை.

அவளுக்கு ஏழு நாள் மருந்து கொடுத்தேன். துணைக்கும் ஏழு நாள். மூன்றாம் முறையும் வந்தாள். இந்தத் தடவை கோபப்பட்டேன். தினமும் விழுங்கினாயா, பொய் சொல்லாதே என்றேன். விழுங்குனேன் சார், ஆத்தா மேல சத்தியமா என்றாள். நான் நம்பவில்லை. அவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, அதே மாத்திரையை இருவருக்கும் மறுபடி கொடுத்தேன்.

அந்த வாரத்தில் தங்கத்தாய் தனியாக வந்தாள். அவளைத் தனியாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் சேலைத் தலைப்பில் துப்பிக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சுக்குள்ள முள்ளு நிக்கிது சார்" என்றாள்.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"நீங்க குடுத்த மாத்திரைதான்."

"நான் உனக்கு மாத்திரை எதுவும் குடுக்கலையே."

முந்தி முடிச்சை அவிழ்த்து ஒரு பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்சிசைக்ளின். நாலைந்து மாத்திரை பிதுக்கியிருந்தது. "துணைக்கும் குடுன்னு பேச்சிகிட்டச் சொன்னீகல்ல. துணைக்கு நாந்தான வந்தேன்?"

பட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அவள் நான் திட்டப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். வலியோடு விளக்கம் சொன்னாள். "எனக்கு எதுக்குடி, நான் நல்லாத்தான இருக்கேன்னு கேட்டேன். நீ தின்னாத்தான் எனக்குக் கொணமாகும்னு சொல்லிட்டாகக்கா, இல்லாட்டித் திரும்பியும் வந்துருமாம்னு அழுதா. சரி, கழுத, அவளுக்கு ஒரு பிள்ள நிக்கட்டும்னு முழுங்குனேன். மூணு வாட்டியும் நாந்தான் சார். கட்டுன புருசனுக்காகக்கூட இம்புட்டு மாத்திரை நான் தின்னதில்ல."

மலையில் பெண்களுக்கு ஒதுங்க மறைவு கிடையாது என்பதால் ஜீப் ஏறும் நாளில் அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. தங்கத்தாய் மாத்திரையை ஜீப்பில் வெறும் வாயில் விழுங்கியிருக்கிறாள். உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தி, திரவ மருந்து கொடுத்து, ஆறிய கஞ்சி மட்டும் குடிக்கச் சொல்லி அனுப்பினேன். சில நாளில் அவள் சரியாகிவிட்டாள்.

நானும் இந்த மண்ணில் பிறந்தவன். என் அம்மா பெரியகுளத்துக்கு டாக்டரைப் பார்க்கப் போனால் துணைக்கு அத்தை போவாள். துணை என்றால் யார் என்று எனக்குத் தெரியாததா? படித்த பிறகு அந்தச் சொல்லுக்குப் புத்தகத்தில் இருந்த அர்த்தம் மட்டும் என்னிடம் மிஞ்சியிருந்தது. அதன்பின் திரும்பி வந்த பெண்களிடம் கேட்டேன், துணைக்கு என்று கொடுத்ததை யார் சாப்பிட்டார்கள் என்று. ஒருத்தி மாமியாருக்குக் கொடுத்திருந்தாள். ஒருத்தி, கூட வந்த மூத்த மகளுக்கு. புருஷனுக்குக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், ஆனால் அவர்கள் திரும்பி வந்தவர்களில் குறைவு. பெண் குணமாகி வீட்டுக்குப் போகிறாள், குணமாகாத புருஷனிடமிருந்து நோயைத் திரும்ப வாங்குகிறாள். நான் அதை மருந்தின் தோல்வி என்றும் பெண்ணின் பொய் என்றும் பிரித்து எழுதி வைத்திருந்தேன். இரண்டு மருந்தில் எது மேல் என்பதைப் பற்றி என் கணக்கு எதையுமே சொல்லவில்லை.

பேச்சியம்மாளின் புருஷனை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். சனிக்கிழமை இறங்கியவன் நேரே வந்தான், உடம்பெல்லாம் ஏலக்காய் வாசனை. தண்ணீரும் ஒரு வேளை மாத்திரையும் கொடுத்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வாயில் போட்டு விழுங்கினான். "இம்புட்டுத்தானா சார்? மொதல்லயே குடுத்திருந்தா மொதல்லயே தின்னுருப்பேனே" என்றான்.

பேச்சியம்மாள் அவன் பின்னால் நின்றிருந்தாள். அவளிடம் நான் அன்று கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. துணைன்னா புருஷன்னு தெரியாதா, இது கூடவா புரியாது? "எனக்குப் புரியலீங்க சார், மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி, புருஷன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

மதுரையில் நடக்கவிருந்த மருத்துவர்கள் கூட்டத்தில் இந்தக் கணக்கைப் பற்றிப் பேச என் பெயர் ஏற்கனவே போயிருந்தது. கணக்கு கெட்டுவிட்டது என்று ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போடவில்லை. ஒரு சின்ன ஊரில் சாம்பல் டப்பா கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு மேடை கிடைத்திருந்தது, அதை விட மனசு வரவில்லை. முடிவு எப்படியும் சரிதானே, பெரிய ஊர்களில் பெரிய ஆட்கள் அதையேதானே சொல்கிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

கூட்டத்துக்குத் தலைமை சீஃப். ஓய்வு பெற்றிருந்தார், குரல் இன்னும் மெலிந்திருந்தது. நான் பேசி முடித்ததும் கை தட்டினார்கள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"துணைக்கும் குடுத்தீங்களா?"

"குடுத்தோம் சார்" என்றேன்.

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் தலையசைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சில மாதம் கழித்துத் தங்கத்தாய் ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தாள். பேச்சிக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறதாம், இன்னும் யாரிடமும் சொல்லவில்லையாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. உடனே கூட்டி வா, ஸ்கேன் பார்த்துவிடலாம் என்று சொல்லத் தோன்றவில்லை. அத்தனை தடவை தொற்று வந்த கருக்குழாயில் கரு எங்கே தங்கியிருக்கும் என்று யோசிக்க வேண்டியது நான்தான்.

அவளை ஜீப்பில் கொண்டு வந்தார்கள். தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறாள். தங்கத்தாயின் மடியில் கிடந்தாள். இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே காகிதமாக வெளுத்திருந்தது. கரு குழாயிலேயே வளர்ந்து, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம். சலைன் ஏற்றி ஆம்புலன்ஸில் தேனிக்கு அனுப்பினேன். அங்கே அறுவை செய்து ஒரு குழாயை எடுத்தார்கள். மற்றதும் தழும்பேறி ஒட்டிப் போயிருந்தது.

வார்டில் போய்ப் பார்த்தேன். நீங்க அனுப்பலேன்னா செத்திருப்பேன் சார் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஏன் இப்படி ஆனது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவும் இல்லை. நானும் சொல்லவில்லை. வருடம் திரும்புவதற்குள் அவள் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவள் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும், புருஷனா, வேறு ஆளா, கூட யார் படுக்கிறார்களோ அவர்கள் சாப்பிட வேண்டும் என்று பச்சையாகவே சொன்னேன். திருப்பிச் சொல்ல வைத்தேன். ஓய்வு பெறும்வரை அப்படித்தான். அது நான் செய்ததைச் சரிக்கட்டாது. டாக்சிசைக்ளினா அசித்ரோமைசினா என்று படிக்க வந்திருக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஏழு நாள் மருந்தையே கொடுங்கள். ஆனால் என் பேச்சை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மேடையில் சொல்வதற்கு முன் அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தங்கத்தாய் இப்போதும் அதே தெருவில்தான் இருக்கிறாள். அவளிடம் விசாரித்துக்கொண்டு போன வாரம் கடமலைக்குண்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் ஓர் இலவம்பஞ்சுக் கொட்டகையில் காய் உடைத்துக்கொண்டிருந்தாள். முடியிலும் புருவத்திலும் பஞ்சு. என்னை அடையாளம் தெரிந்து எழுந்தாள். "இவுகதான் என்னயக் காப்பாத்துன டாக்டரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

கொட்டகைக்கு வெளியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை ஆள் மாறிப் போனது அவள் தப்பில்லை, நான் சொன்ன சொல்லின் தப்பு என்று. நோய் திரும்பத் திரும்ப வந்ததால்தான் குழாய் கெட்டது என்று. அவள் கையோடு கொண்டு வந்த காயைப் பிரித்து விதையைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அது அந்தாளுகிட்டருந்துதான் வந்துச்சா?"

"ஆமா."

"எம் மேல கோளாறு இல்ல?"

"இல்ல. அவருக்கு மொதல்லயே மருந்து போயிருந்தா, அநேகமா உங்களுக்குப் பிள்ளை பிறந்திருக்கும்."

மிச்சமிருந்த விதையையும் தள்ளி முடித்தாள். பிறகு கோபமில்லாமல்தான் சொன்னாள். "இத அப்பவே சொல்லியிருந்தீகன்னா எம் மாமியாகிட்ட ஒத்த வார்த்த கேட்டுருப்பேன் சார். சாகுற வரைக்கும் அந்தம்மா பாக்குறவககிட்டயெல்லாம் என்னய மலடி, மலடின்னுச்சு. நானும் அப்படித்தான்னு நெனச்சுக் கேட்டுக்கிட்டிருந்தேன். இப்ப அதும் போய்ச் சேந்துருச்சு. இனி யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

தேனிக் கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன், எழுதவும் போகிறேன் என்றேன். உள்ளே திரும்பியவள் நின்றாள்.

"எம் பேரப் போட்றாதீக சார். அந்தாளு பேர வேணா கொட்ட எழுத்துல போடுங்க."

சிரித்தாளா என்று தெரியவில்லை. முகமெல்லாம் பஞ்சு.

மருத்துவன் இரண்டு பெயரையும் வெளியே சொல்லக் கூடாது. அவள் பெயரை மாற்றியிருக்கிறேன். அவன் பெயரை எழுதவில்லை. அவள் கேட்டதில் பாதியைத்தான் என்னால் செய்ய முடிந்தது.